கடலுக்கு வைத்த ஆப்பு

எனக்குப் பதினாலு வயது ஆகும்வரை பீச் என்றால் கருங்கல்தான். பாண்டி பீச் ரோட்டில் காந்தி சிலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் மணலே இருக்காது. லாரி லாரியாகக் கொட்டிய பாறைகள், அதன் இடுக்கில் நண்டு, பிளாஸ்டிக் கப், பெரிய அலை வந்தால் முகத்தில் உப்புத் தண்ணி. அதற்குப் பெயரே ராக் பீச். வெளியூர் சொந்தக்காரர்கள் வந்தால் கொஞ்ச நேரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சரி, பீச் எங்க?" என்பார்கள். "இதான்" என்று சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கும்.

எங்கள் தாத்தா மட்டும், "சின்ன வயசுல நாங்க இங்கதான்டா கபடி ஆடுவோம்" என்பார். எந்தத் தாத்தாதான் பீலா விடமாட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் பல நூறு டன் எடையுள்ள எஃகுக் கட்டமைப்பு ஒன்றை இறக்கினார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் டிசைன். ஆப்பு வடிவம். வெளியே தெரியாது, தண்ணிக்குள்ளேயே இருக்கும். வரும் அலை அதன்மேல் ஏறி முன்கூட்டியே உடைந்துவிடும். வேகம் செத்த தண்ணி, தூக்கிக்கொண்டு வரும் மணலை அதற்கும் கரைக்கும் நடுவே போட்டுவிட்டுப் போகும். துறைமுக வாயில் தூர்வாரிய மணலும் சேர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பீச் ரோட்டுக்கு ஒரு பீச் வந்துவிட்டது. தாத்தா சொன்னது பீலா இல்லை என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பது தனிக் கதை. முதல் சில மாதம் எல்லார் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை புரோகிராம் அதுதான். தாத்தாவின் வாக்கிங் செட்டில் பாதிப்பேர் "ஒரு புயலுக்குத் தாங்காது" என்று பந்தயம் கட்டினார்கள். சுண்டல், மாங்காய் விற்பவர்களுக்கு சந்தோஷம். பக்கத்துத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு வீக்எண்ட் கூட்டமும் பார்க்கிங் சண்டையும் தலைவலி. குளிக்கத் தடை என்று போர்டு வைத்தார்கள், போலீஸ் விசில் ஊதினார்கள், அதையும் மீறி இறங்கி வெளியூர்ப் பசங்க மூழ்கி இறந்த செய்திகளும் வந்தன. குப்பையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மொத்தத்தில் சண்டை எல்லாம் வந்த மணலை எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான். அந்த மணல் எங்கே போயிருக்க வேண்டியது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

கேட்காததற்குப் பரிசும் வாங்கினேன். மூன்றாம் வருடம் டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் இந்த ரீஃபைப் பற்றி ஒரு பிரசன்டேஷன், இரண்டாம் பரிசு. முன்னால் கருங்கல், பின்னால் மணல் என்று இரண்டு படம், கீழே "சக்சஸ் ஸ்டோரி". இறங்கி வந்ததும் என் பெஞ்ச்மேட் கேட்டது ஒரே கேள்விதான்.

"மேப்பை ஏன் மச்சி சோலை நகரோட வெட்டிட்ட?"

ஸ்லைடில் அவ்வளவுதான் இடம் இருந்தது. அதையே பதிலாகவும் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் ஊர் பிள்ளைச்சாவடி.

பாண்டி ரூட் தெரியாதவர்களுக்கு: பீச் ரோட்டிலிருந்து கரையோரமாக வடக்கே போனால் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். அத்தோடு புதுச்சேரி முடிந்து கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். (சரக்குக் கடை போர்டுகள் திடீரென்று நின்றால் தமிழ்நாடு வந்துவிட்டது என்று அர்த்தம்.) அப்புறம் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். அதைத் தாண்டி பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, திரும்பவும் புதுச்சேரி. காலேஜ் பஸ்ஸில் தினமும் போகிற ரூட்தான். ஈசிஆரிலிருந்து கடல் அங்கங்கே தெரியும். மூன்று வருடம் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தும் நான் பார்த்தது கடலை மட்டும்தான், கரையை இல்லை.

இப்போது கொஞ்சம் சிலபஸ். நம்ம கிழக்குக் கடற்கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. தெற்கத்திக் காற்று அடிக்கும் மாதங்களில் சாய்வாக வரும் அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருடக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1989 வாக்கில் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டி முடித்தார்கள். நடந்துகொண்டிருந்த மணல் அதில் முட்டி நின்றது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் கரை அகலமானது. வடக்கே பீச் ரோட்டு மணல் வழக்கம்போல நகர்ந்து போனது, அதன் இடத்துக்குப் புதுசு வரவில்லை. தாத்தாவின் கபடி கிரவுண்டு இப்படித்தான் காணாமல் போனது. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் நிலத்தைத்தான் காப்பாற்றும், மணலைக் கொண்டுவராது. கல் முடிகிற இடத்தில் அரிப்பு அடுத்த ஊருக்குப் போகும், அங்கேயும் கல். இப்படியே வடக்கே போனது.

இதில் எனக்கு ரொம்ப எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. தெற்கே சேரும் மணலை பம்ப் பண்ணி வடக்குப் பக்கம் போட வேண்டும் என்பது அந்தத் துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. யாருக்கும் தெரியாமல் நடந்த தப்பு இல்லை. டிசைன் பண்ணினவர்களுக்குத் தெரியும், அதற்கு வழியும் எழுதி வைத்தார்கள். அது தொடர்ந்து ஒழுங்காக ஓடவில்லை, அவ்வளவுதான். கட்டும்போது எல்லாரும் இருப்பார்கள், ரிப்பன் வெட்டினபிறகு பம்பை ஓட்ட ஆள் இருக்காது. நம்ம லேபிலேயே துணி போட்டு மூடி வைத்திருக்கும் மெஷின்களை நினைத்துக்கொள்ளுங்கள், புரியும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வடக்கு ஊர்களில் அரிப்பு 2018-க்கு முன்னாலேயே ஆரம்பித்தது. அதனால் எல்லாப் பழியையும் ரீஃப் மேல் போடுவது தப்பு. ரீஃப் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. மாசி மகத்துக்கு மயிலம் முருகனும் சுற்றுவட்டாரச் சாமிகளும் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும்போது, இந்த ஊருக்குக் கரை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். என் பிரச்சினை அந்த "சக்சஸ்" என்ற வார்த்தையோடுதான்.

நாங்கள் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த வருடம், 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் வந்தது. பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் கரையோர வீடுகள் கடலில் இடிந்து விழுந்தன. புயல் முடிந்தும் அவன் பத்து நாள் கிளாஸுக்கு வரவில்லை. வந்ததும் அட்டெண்டன்ஸுக்காக ஒரு லெட்டர் எழுதினான், இங்கிலீஷில் நான்தான் திருத்திக் கொடுத்தேன். 'டியூ டு சைக்ளோன்' என்று போட்டேன். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. பிரசன்டேஷன் முடிந்த பிறகுதான், போன வருடம் ஐப்பசியில், முதல்முறையாக அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். வாசலில் நின்றால் கீழே பாறை, அதை அடுத்து அலை. "எங்க மாமனாரு வீடு அதோ இருந்துச்சுப்பா" என்று கையைக் காட்டினார். காட்டிய இடத்தில் தண்ணிதான் இருந்தது. நான் ஏதோ தப்பான பக்கம் பார்க்கிறேன் என்று நினைத்து, "எங்கம்மா?" என்று மறுபடி கேட்டுவிட்டேன். "அதான்ப்பா, அந்த அலை உடையுது பாரு, அதுக்கும் அந்தாண்ட" என்றார். கோபமோ அழுகையோ இல்லாமல், பஸ் ஸ்டாப்புக்கு வழி சொல்வது மாதிரி.

அங்கே எனக்குப் புரிந்த ஒரு விஷயம் நம்ம பாடத்தில் இல்லை. நமக்கு மணல் என்றால் உட்கார, ரீல்ஸ் எடுக்க, காற்று வாங்க. அவர்களுக்கு அது வேலை செய்யும் இடம். படகை ஏற்றி நிறுத்துவது மணலில், வலை பிரித்துத் தைப்பது மணலில், கருவாடு காய்வது மணலில், மீன் ஏலம் போவதும் மணலில். கல்லுக்கு நடுவே ஃபைபர் படகை இறக்கினால் அலை தூக்கி அடிக்கும், அடிப்பாகம் கிழியும். அவன் அப்பா படகை வேறு ஊர்க் கரையில் விட்டிருக்கிறார். ராத்திரி எஞ்சினுக்குக் காவலாக அண்ணனும் இவனும் மாற்றி மாற்றிப் போய்ப் படுக்கிறார்கள். "உனக்கு அது பீச்சு மச்சி. எங்களுக்கு ஷெட்டு" என்றான். காலையில் முதல் ஹவர் இவன் ஏன் தூங்கி வழிகிறான் என்று மூன்று வருடமாகக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

ஊர்க்காரர்கள் கேட்பது தூண்டில் வளைவு. இதற்காக மறியல் வரைக்கும் போயிருக்கிறார்கள். கரையிலிருந்து கடலுக்குள் கல் போட்டு, தூண்டில் முள் மாதிரி வளைத்து, மணலைப் பிடிப்பது. இதை நான் 'க்ராய்ன்' என்ற பெயரில் இரண்டு மார்க் கேள்விக்குப் படித்திருந்தேன். தமிழில் இவ்வளவு அழகான பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். பெயர் தெரிந்த சந்தோஷத்தில், படித்ததை அப்படியே ஒப்பித்தேன்: "ஆனா க்ராய்ன் போட்டா அதுக்கு வடக்கே இருக்கற ஊர்ல அரிக்கும்டா. தந்திராயன்குப்பம் பக்கம் போட்டாங்க, பிரச்சினை அப்படியே மேல நகருது பாரு. அது சொல்யூஷன் இல்ல."

அவன் சொன்னது: "உங்க தெருவுக்குப் போட்டா அது டெக்னாலஜி. நாங்க கேட்டா மட்டும் அடுத்த ஊரு பாவமாடா? எங்களுக்கு வெக்கிறதுக்குப் பேருதான்டா ஆப்பு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாடத்தில் நான் சொன்னது சரி, தூண்டில் வளைவு அரிப்பைக் காலாப்பட்டுக்குத் தள்ளும். ஆனால் அதைச் சொல்லும் தகுதி, ஏற்கெனவே மணல் கிடைத்துவிட்ட தெருக்காரனுக்கு இருக்கிறதா? நாங்கள் கல் கொட்டியபோது சோலை நகரை யோசித்தோமா? தனக்கு வீடு நிலைத்தபிறகு சுற்றுச்சூழல் பேசுவது ரொம்ப ஈஸி.

என் கருத்து இதுதான், தப்பாக இருந்தால் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக மனுக் கொடுத்து, தனித்தனியாகக் கல் வாங்கிக்கொண்டிருக்கும்வரை இது முடியாது. பிள்ளைச்சாவடிக்காரர் புதுச்சேரி அரசிடம் போக வேண்டும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி பொம்மையார்பாளையத்துக்காரர் விழுப்புரம் கலெக்டரிடம் போக வேண்டும், இரண்டு பேர் வாசலிலும் போய்வருவது ஒரே மணல். புதிதாக எதையும் கடலில் இறக்குவதற்கு முன்னால், துறைமுகத்தில் தேங்கும் மணலை வருடா வருடம் தவறாமல் வடக்குக் கரைக்கு அனுப்புங்கள். எங்கள் பீச் ரோட்டுக்கு மட்டும் இல்லை, அதைத் தாண்டியும். இது படம் பிடித்துப் போடுகிற மாதிரி வேலை இல்லை. பம்ப், பைப், டீசல், மெயின்டனன்ஸ். ஆரம்பத்திலேயே எழுதி வைத்த வேலைதான். அது நடக்கும்வரை தூண்டில் வளைவு கேட்பவர்களிடம் போய்ப் பாடம் எடுக்க நான் தயாராக இல்லை. வீடு விழும் ஊருக்குத் தற்காலிகப் பாதுகாப்பு தேவை. அது வடக்கே என்ன செய்யும் என்பதையும் முன்கூட்டியே அளந்து, அங்கேயும் மணல் போடும் பொறுப்போடு சேர்த்துத்தான் அதைக் கட்ட வேண்டும்.

"அதுக்கெல்லாம் ஃபண்ட் எங்க?" என்று சிம்போசியத்தில் ஒருவர் கேட்டிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். இப்போது ஆட்டமாட்டேன். பீச் ரோட்டுக்கு ஃபண்ட் வந்தது.

கடைசியாக ஜூனியர்ஸுக்கு. எங்களுக்கு இன்னும் ஒரு செமஸ்டர்தான் இருக்கிறது. நானும் அவனும் சேர்ந்து காந்தி சிலையிலிருந்து காலாப்பட்டு வரை பத்து இடம் குறித்திருக்கிறோம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு இடத்திலும் ரோட்டிலிருந்து தண்ணி வரைக்கும் எத்தனை மீட்டர் என்று அளந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒரு வருடமாவது தொடர்ந்து எடுத்தால்தான் வாடைக்காற்று மாதம், தெற்கத்திக் காற்று மாதம் இரண்டும் தெரியும். நாங்கள் இரண்டு மாதம் முடித்திருக்கிறோம். சர்வே லேபில் டேப்பும் டம்பி லெவலும் கேட்டால் தருகிறார்கள், லெட்டர் மட்டும் வேண்டும். செகண்ட் இயர், தேர்ட் இயரில் நாலு பேர் கிடைத்தால் நோட்டை ஒப்படைத்துவிடுவோம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கக்கூடியவர்கள் மட்டும் வாருங்கள். பிள்ளைச்சாவடி பாயின்ட்டில் பாறைமேல் நின்றுதான் டேப் பிடிக்க வேண்டும், செருப்பு வழுக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.