சரக்கின் வேகத்தில் பணமும் வர வேண்டும்

புனே நகருக்கு வடக்கே, நாசிக் நெடுஞ்சாலையில் உள்ள சாக்கன் தொழிற்பேட்டையில் வாகனத் தொழிற்சாலை ஒன்றின் வாயிலில் உதிரிபாக லாரி வந்து நிற்கிறது. காவலர் பெட்டியின் மேலுள்ள பார்கோடைக் கருவியால் தொடுகிறார். சரக்கு கீழே இறங்குமுன்னரே கிடங்கு, தரச் சோதனைப் பிரிவு, உற்பத்திப் பிரிவு ஆகிய மூன்றின் கணினித் திரைகளிலும் அதன் வரவு பதிவாகிவிடுகிறது. அந்தச் சரக்குக்கான ஆணையும் தாளில் வந்ததன்று. எந்த நாளில், எந்தப் பாகம், எத்தனை வேண்டும் என்பதை வழங்குநர் தம் பட்டறையில் இருந்தவாறே கணினியில் பார்த்து அனுப்பியிருக்கிறார். பில் எண்ணும் மின்வழிச்சீட்டு எண்ணும் லாரிக்கு முன்பே தொழிற்சாலையை அடைந்துவிட்டன.

அப்பட்டறைக்கு உரிய பணம் மட்டும் எப்போது வரும் என்பதை எந்தத் திரையும் உறுதியாகச் சொல்வதில்லை.

மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1962இல் தோன்றிய பின், பிம்பிரி-சிஞ்ச்வட் பகுதியில் டெல்கோ, பஜாஜ் போன்ற பெரும் ஆலைகள் எழுந்தன. அவற்றைச் சுற்றி, குறிப்பாகப் போசரியில், கடைசல் இயந்திரங்களோடு சிறு பட்டறைகள் பெருகின. அக்காலத்தில் கொள்முதல் அதிகாரியின் தொலைபேசியும் பேரேடும்தாம் இணைப்பு. வாரக்கணக்கில் தேவைப்படும் சரக்கு கிடங்கில் குவிந்திருக்கும். 1991க்குப் பிந்தைய போட்டி அந்த வசதியைப் பறித்தது. டொயோட்டா நிறுவனம் கான்பன் அட்டைகளைக் கொண்டு நடத்திக்காட்டிய, வேண்டிய பொருள் வேண்டிய நேரத்தில் மட்டும் வரும் முறையை நம் ஆலைகளும் கைக்கொண்டன. அட்டையின் இடத்தில் கணினி அமர்ந்தது. அதற்கான மென்பொருளை எழுதும் கைகளும் இதே புனேயில், ஹிஞ்சவடியில் இருக்கின்றன. மென்பொருள் எழுதுபவரும் இரும்பு கடைபவரும் ஒரே நகரவாசிகளாக வாய்த்தும், அந்த மென்பொருள் பாதித் தூரம் சென்று நின்றுவிட்டது என்பதே என் கருத்து.

சரக்கிருப்பு குறைந்ததாக ஆலை பெருமை கொள்ளலாம். உண்மையில் அது பெரும்பாலும் இடம் மாறியது, அவ்வளவே. உற்பத்தி வரிசை நின்றால் பழி வழங்குநரின் தலையில் விழும். சாக்கன் சாலையின் நெரிசலை அறிந்த எவரும் அன்றன்றைய தேவையை அன்றன்று அனுப்பும் துணிவு கொள்ளமாட்டார். ஆகவே அவர் ஆலைக்கு அருகிலேயே ஓரிடம் வாடகைக்கு எடுத்துச் சில நாள் சரக்கை அடுக்கி வைக்கிறார். ஆலையின் கணக்கிலிருந்து மறைந்த இருப்பு, அவருடைய கேஷ் கிரெடிட் கணக்கில் வட்டியாக மறுபிறவி எடுக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மாதம் 20 லட்ச ரூபாய்க்குப் பில் போடும் பட்டறைக்கு 90 நாள் கழித்துப் பணம் வருவதாகக் கொள்வோம். எந்நேரமும் 60 லட்சம் வெளியில் நிற்கும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியெனில் மாதம் 60,000 ரூபாய், அதாவது விற்பனையில் 3 சதவீதம், காத்திருப்பதற்கே போய்விடும். 45 நாளில் பணம் வந்தால் இது பாதியாகும். ஜிஎஸ்டியோ காத்திருப்பதில்லை. பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில்லுக்குரிய வரியை அவர் அடுத்த மாதமே செலுத்தியாக வேண்டும்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன வளர்ச்சிச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை, எழுத்து மூல ஒப்பந்தம் எதுவாயினும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் தந்துவிட வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் இல்லையெனில், வந்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். ஆலையின் மென்பொருளில் ஏற்ற நாள் என்பது யாரோ ஓர் அலுவலர் பில்லுக்கு ஒப்புதல் அளித்த நாளாக அமைக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது? வாயிலில் நொடியில் பதிந்த தேதி, கணக்குப் பிரிவை அடைவதற்குள் வாரங்களை விழுங்கிவிடும். உரிய வட்டியைக் கேட்டுப் புகார் தரலாம்தான். அடுத்த ஆணை வருமா என்ற அச்சத்தை வெல்லும் பிரிவு எச்சட்டத்திலும் இல்லை.

ஆயினும் சில கதவுகள் திறந்துள்ளன. ரிசர்வ் வங்கி 2014இல் வகுத்த நெறிமுறைகளின்படி, டிரெட்ஸ் எனப்படும் மின்னணுத் தளங்கள் 2017 முதல் இயங்கி வருகின்றன. வாங்கும் நிறுவனம் பில்லை ஏற்றதும் வங்கிகள் அதற்கு வட்டி விகிதம் கூறிப் போட்டியிடும். வழங்குநர் உடனே பணம் பெறுவார். பிற்பாடு வாங்கிய நிறுவனம் தவணை தவறினாலும் அவரிடம் திருப்பிக் கேட்க இயலாது. பெரிய நிறுவனத்தின் நாணயத்தைப் பொறுத்தே வட்டி அமைவதால் அது மலிவாகவும் இருக்கும். மெக்சிகோவின் அரசு வளர்ச்சி வங்கியான நாஃபின் 2001இலேயே இதற்கு வழிகாட்டியது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் கொண்ட நிறுவனங்கள் 2025 மார்ச் 31க்குள் இத்தளங்களில் இணைய வேண்டும் என 2024 நவம்பரில் அரசு ஆணையிட்டது. எனினும் பதிவு செய்வது வேறு, ஒவ்வொரு பில்லையும் அங்கே ஏற்பது வேறு. கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டுப் பந்தியில் இலை போடாத கதையாக இது ஆகிவிடக் கூடாது.

பணத்தை மென்பொருளோடு இணைப்பது கடினம் என்று கூறுவோர், ஆலையின் மறு வாயிலைப் பார்க்கட்டும். வாகனங்கள் விற்பனையாளருக்குச் செல்லும் அப்பக்கத்தில், வண்டி புறப்பட்டவுடன் விற்பனையாளரின் வங்கிக் கடன் கணக்கிலிருந்து ஆலைக்குப் பணம் வந்து சேரும் ஏற்பாடு பல்லாண்டுகளாகச் செவ்வனே நடக்கிறது. அங்கே ஆலை, வங்கி, விற்பனையாளர் மூவரின் கணினிகளும் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஆக, குறை தொழில்நுட்பத்தில் இல்லை. வரும் பணத்துக்கு ஒரு வேகம், செல்லும் பணத்துக்கு ஒரு வேகம் என்பது ஆலை செய்துகொண்ட தேர்வு.

தரக் குறைபாடு இருந்தால் நிறுத்திவைக்க வேண்டாமா என்பர். வேண்டும். ஆனால் அக்குறையைச் சட்டம் தந்த 15 நாளுக்குள் அதே கணினியில் எழுதட்டும். எழுதாத பில், வாயிலில் பதிந்த தேதியோடு தானாகவே டிரெட்ஸ் தளத்தை அடையட்டும். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளோரின் பில்கள் 2023 ஆகஸ்டு முதல் அரசின் மின்பட்டியல் தளத்தில் எண் பெற்றே வெளிவருகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தகவல் அனைத்தும் ஏற்கெனவே மின்வடிவில் இருக்கிறது.

கோவையிலோ ஓசூரிலோ பட்டறை நடத்தும் வாசகர்களுக்கும் போசரியின் கதை புதிதன்று. உத்யம் பதிவுச் சான்றின் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். சரக்கு வாயிலில் நுழைந்த தேதிக்கான சான்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாங்கும் நிறுவனம் டிரெட்ஸில் இருக்கிறதா என்பதை, அடுத்த முறை கேஷ் கிரெடிட் வரம்பை உயர்த்தக் கேட்டு வங்கிக்குச் செல்லும் முன் விசாரியுங்கள்.