உயிர்ப்புக்குச் சான்று உண்டா?



"ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டா?" என்று உயர்தர வகுப்பில் பயிலும் பிள்ளை வினவும்போது, "அப்படியெல்லாம் கேட்கலாகாது" என்று அடக்கிவிடும் பெற்றோர் நம்மிடையே உளர். கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று அவர்கள் அஞ்சுகின்றனர். ஆனால் விடை பெறாத பிள்ளை, நாளடைவில் ஆலயத்தை விட்டே விலகிவிடக்கூடும்.

வரலாறு நமக்குத் தருவது யாது? பிலாத்துவின் ஆளுகையில் கிறிஸ்து கொல்லப்பட்டதை, கிறிஸ்தவத்தை இகழ்ந்த உரோமை வரலாற்றாசிரியர் டசிட்டஸே கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்தார். அதற்கும் முன்னர், சிலுவைச் சாவுக்குப் பின் ஏறத்தாழ 25 ஆண்டுகளில், புனித பவுல் கொரிந்தியருக்கு முதலாம் திருமுகத்தை எழுதினார். அதன் 15ஆம் அதிகாரம் உயிர்த்த ஆண்டவரைக் கண்டோரை வரிசைப்படுத்துகிறது. அவரை ஒருங்கே கண்ட 500க்கும் அதிகமானோரில் பலர் அப்போதும் உயிரோடிருந்தனர் என்கிறது. மேலும், பெண்களின் சாட்சியத்துக்கு உரிய மதிப்பளிக்காத அச்சமூகத்தில், வெறுமையான கல்லறையின் முதற் சாட்சிகளாக நான்கு நற்செய்திகளும் பெண்களையே காட்டுகின்றன. கதை புனைவோர் இத்தகைய சாட்சிகளைத் தெரிவுசெய்திருப்பார்களா?

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. சீடர்கள் தாம் ஆண்டவரைக் கண்டதாக உறுதியாய் நம்பினர் என்பது வரை வரலாறு நம்மை அழைத்துச் செல்லும். அவரை எழுப்பியவர் இறைவனே என்பதை எந்த ஏடும் கணக்கைப் போல நிறுவிக் காட்டாது. கல்லறைக்குள் நிகழ்ந்ததை நற்செய்திகளும் விவரிக்கவில்லை.

திருச்சபையும் இந்த எல்லையை அறியும். பிரான்ஸ் நாட்டின் லூர்து திருத்தலத்தில் 1883ஆம் ஆண்டு முதல் மருத்துவப் பணியகம் இயங்கி வருகிறது. அங்கே 7000க்கும் அதிகமான குணமடைதல்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. 2018இல் ஏற்கப்பட்டதோ 70ஆவது புதுமையே. மருத்துவர், "எமது அறிவால் விளக்க இயலவில்லை" என்பதோடு நின்றுவிடுவர். அதை இறைவனின் அடையாளம் என அறிக்கையிடுபவர் ஆயரே. இவ்வாறிருக்க, செவிவழி வந்த செய்தியையெல்லாம் புதுமையென்று நாம் பரப்புவது பக்தியாகாது.

சான்று கேட்ட தோமையாரை ஆண்டவர் விரட்டவில்லை. தம் காயங்களைக் காட்டினார். தோமையார் கண்டது காயங்களை, அறிக்கையிட்டது இறைவனை. அந்த இடைவெளியைக் கடப்பதே விசுவாசம். ஆதலால் பிள்ளைகளின் கேள்வியை அடக்காதீர்கள். இன்று மாலைச் செபமாலைக்குப் பின், அந்த 15ஆம் அதிகாரத்தை அவர்களோடு அமர்ந்து வாசியுங்கள்.