சருகுக்கு அடியில் ஜனவரி

மூணாறில் உறைபனி. ஆண்டுதோறும் ஜனவரியில் வரும் செய்திதான். செண்டுவாரை, லட்சுமி, செவன்மலை எஸ்டேட்டுகளில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் படம். கீழே ‘சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்’ என்றொரு வரி. அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. கருகிய கொழுந்துக்கு நடுவே விடியலில் நிற்கும் நம் தோட்டத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. இரவெல்லாம் அந்தக் குளிரில் இரை தேடிய உயிர்களுக்கும் இடமில்லை.

காட்டுயிர் என்றால் யானை, புலி, வரையாடு என்று நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தோடு இந்தப் பத்தியில் எத்தனையோ முறை சண்டை போட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் மா. கிருஷ்ணனிடம்தான் போய் நிற்கிறேன். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பத்தி எழுதியவர். காட்டு யானைகளைத் தேடித் தேடிப் படமெடுத்த மனிதர், அணிலுக்கும் அதே கவனத்தைக் கொடுத்தார். அவருடைய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என் மேசையில் அட்டை கிழிந்து கிடக்கிறது. இயற்கையைப் பற்றித் தமிழில் எழுத ஆசைப்படும் பிள்ளைகள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். பெரிய விலங்கு, சின்ன விலங்கு என்ற வரிசையே கிருஷ்ணன் கண்ணுக்குக் கிடையாது.

அந்தக் கண்ணோடு, உயர்மலைக் காடான சோலைக்குள் குனிந்து பார்த்தால் மூஞ்சூறு தெரியும். எலிக்கு உறவில்லை, பூச்சியும் புழுவும் தின்னும் கூட்டம். அதில் நீண்ட வாலுள்ள ஓர் இனத்துக்கு 1888இல் விலங்கியலாளர் டாப்சன், மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டேயின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் அதற்கு வேறு ஊரில்லை.

உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையைப் பார்க்கத் தோலின் பரப்பு அதிகம். சூடு கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுபோல் மூஞ்சூறு இரவும் பகலும் தின்றாக வேண்டும். சில மணி நேரம் பட்டினி கிடந்தால் உயிர் போய்விடும். 2 கிராம்கூட நிறைவாகத் தேறாத வேறோர் இனமான எட்ரஸ்கன் மூஞ்சூறு, குளிரில் இரை கிடைக்காதபோது உடல்வெப்பத்தை ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ்வரை இறக்கி மயங்கிக் கிடக்கும். பிறகு நொடிக்கு 58 முறை தசையை நடுக்கித் தன்னைச் சூடேற்றிக்கொள்ளும். படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிற விஷயம் இது.

மேகமற்ற இரவில் திறந்த புல்வெளி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்குகிறது. உறைபனி அங்கே படிகிறது. பக்கத்துச் சோலையில் மரக்கூரை தரையின் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. சருகுக்கு அடியில் மண் ஈரமாக இருக்கிறது, புழு உயிரோடு இருக்கிறது. மூஞ்சூறு ஜனவரியைக் கழிப்பது அந்த நாலு விரல் சருகுக் கனத்துக்குள்தான்.

குளிர் மலைக்குப் பழகிய உயிர் வேறிடம் போகவும் வழியில்லை. மூணாறு இருக்கும் ஆனைமலைத் தொடருக்கு வடக்கே பாலக்காட்டுக் கணவாய், வெயில் காயும் தாழ்நிலம். சிறகிருந்தும் சில சோலைப் பறவைகள் அதைத் தாண்டாமல், நீலகிரிப் பக்கம் ஓர் இனம், ஆனைமலைப் பக்கம் வேறோர் இனம் என்று பிரிந்துபோயின. மூஞ்சூறுக்குக் கால்தான் இருக்கிறது.

உறைபனி பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். சோலை ஓரத்தில் கூடாரமடித்து, சருகை அள்ளித் தீ மூட்டிக் குளிர்காய்வதை மட்டும் ஒரே ஓர் இரவுக்குக்கூட அனுமதிக்கக் கூடாது.