இரண்டு காதும் வேண்டும்!



தியானத்துக்கென்று செல்போனில் கேட்கிற ‘பைனாரல் பீட்ஸ்’ பற்றி இப்போது எங்கு போனாலும் பேச்சு. “அதை எம்.பி.3-ஆகச் சுருக்கினால் பலன் போய்விடுமாமே, நிஜமா?” என்ற கேள்வி எங்கள் கீழ்பென்னாத்தூருக்கும் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் இருக்கிறோம். 1896-ல் ரமணர் அந்த மலையடிவாரத்துக்கு வந்தார். அவர் பேசாமல் உட்கார்ந்தார். இன்றைக்குக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். இரண்டும் ஒன்றா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில், இது என்ன சங்கதி? தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தந்திகள் கொஞ்சம் விலகியிருந்தால் ‘உவ்... உவ்...’ என்று ஓர் அலை கேட்கும். சுருதி சேரச் சேர அலை மெதுவாகி, கடைசியில் நின்றுவிடும். அந்த அலை காற்றில் உண்டாவது. ஒரே காதால் கேட்டாலும் கேட்கும்.

பைனாரல் பீட்ஸ் அப்படியல்ல. இடது காதுக்கு நொடிக்கு 200 அதிர்வுள்ள ஒலி, வலது காதுக்கு 210 அதிர்வுள்ள ஒலி. இரண்டும் வெளியே எங்கும் கலப்பதில்லை. மூளைத் தண்டில் இரண்டு காதின் செய்தியும் சந்திக்கும் இடத்தில்தான் நொடிக்கு 10 என்ற துடிப்பு பிறக்கிறது. ஜெர்மனியின் ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் டோவே 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்தார். 1973 அக்டோபரில் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் ஜெரால்டு ஆஸ்டர் எழுதிய கட்டுரைதான் இதைப் பலருக்கும் தெரியவைத்தது. அடிப்படை ஒலி சுமார் 1,000 அதிர்வுக்குக் கீழே இருக்க வேண்டும்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் சுமார் 30-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் துடிப்பு கேட்காது, தனித்தனி ஒலியாகத்தான் கேட்கும்.

இனி சுருக்கும் விஷயம். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு மணி நேர ஒலி சுமார் 635 மெகாபைட் இடத்தை அடைக்கும். 128 கிலோபிட் எம்.பி.3-ஆக்கினால் 58 மெகாபைட்டில் அடங்கிவிடும். மீதி எங்கே போயிற்று? மிக்ஸி ஓடும்போது பக்கத்து அடுப்பில் கடுகு வெடிப்பது காதில் விழுகிறதா? விழுவதில்லை அல்லவா! அதே சூட்சுமம்தான். பெரிய ஒலிக்குப் பக்கத்தில் மறைந்துபோகும் சிறிய ஒலியைக் காது எப்படியும் கேட்கப் போவதில்லை என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் சிக்கனம் பிடிக்கிறது எம்.பி.3.

அப்படியானால் நம் 200-ம் 210-ம் என்ன ஆகும்? பயப்பட வேண்டாம். ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக வரும் இரண்டு ஒலி, சுருக்குகிற முறைக்கு மிகச் சுலபமான வேலை. 128-லேயே பத்திரமாக வந்துவிடும். கேசட் கொஞ்சம் வேகமாக ஓடினால் சுருதி ஏறும், எம்.பி.3-ல் அந்தத் தொல்லைகூட இல்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மழைச் சத்தம், கடலலை, வீணை என்று மேலே பூசி, அடியில் மெல்லிசாக இந்த ஒலியை வைக்கிறார்கள் பாருங்கள், அதை மிகவும் சுருக்கினால் ‘இது மறைந்த ஒலிதானே’ என்று முதலில் கை வைப்பது அதில்தான். இன்னொன்று, ரொம்பவும் குறைந்த அளவில் சுருக்கும் சில முறைகள் இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, வித்தியாசத்தைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளும். வித்தியாசத்தில்தானே நம் காரியமே இருக்கிறது! போனில் ஓடவிட்டு, அதைக் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பினாலோ இரண்டும் ஒன்றாகிவிடும். ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டாலும் காற்றிலேயே கலந்துவிடும். அப்போது கேட்பது தம்பூரா அலைதான், பைனாரல் அல்ல.

எங்கள் தெருவில் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவள். சில மாதமாகவே தூக்கமில்லை. உறவுக்காரர் அனுப்பிய இந்த ஒலியைக் கேட்டுப் பத்து நாள் நன்றாகத் தூங்கினாளாம். அப்புறம் மறுபடியும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். விற்கிற இடத்தில் விசாரித்தால், “சுருக்கின பதிவைக் கேட்டா அப்படித்தான். சுருக்காதது 1,500 ரூபாய்” என்றார்களாம்.

“வாங்கிடலாமாக்கா? பால் பணம் எடுத்து வச்சிருக்கேன்” என்று வந்து நின்றாள்.

“பணம் எங்கேயும் ஓடிடாது. முதல்ல அந்த இயர்போனைக் கொண்டு வாம்மா” என்றேன்.

மாட்டிப் பார்த்தால் வலது பக்கம் பேசவே இல்லை. ஒயர் உள்ளே அறுந்திருந்தது. எத்தனை நாளாக அப்படியோ! ஒற்றைக் காதுக்கு 1,500 ரூபாய்ப் பதிவும் ஒன்றுதான், ஓசியில் வந்ததும் ஒன்றுதான்.

நீங்களும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். இயர்போனை இரண்டு காதிலும் மாட்டிக் கேளுங்கள்; மெல்லிய துடிப்பு தெரியும். ஒரு பக்கத்தை எடுத்துவிடுங்கள். துடிப்பு நின்று, சீரான ஒலி மட்டும் கேட்க வேண்டும். அடுத்த பக்கத்தையும் அப்படியே பாருங்கள். ஒற்றைக் காதிலேயே துடித்தால் இரண்டும் கலந்துவிட்டது, அல்லது அது வேறு வகைப் பதிவு என்று அர்த்தம். இரண்டு காதிலும் போட்டும் துடிப்பே இல்லையென்றால், இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருகிறதா என்று பாருங்கள். போன் அமைப்பில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று இருக்கும். அது போட்டிருந்தால் இரண்டும் கலந்து ஒற்றைக் காதிலேயே துடிக்கும்; அணைத்துவிடுங்கள். ஒரு காது சரியாகக் கேட்காதவர்களுக்கு இந்தத் துடிப்பு கிட்டாது. மழைச் சத்தத்துக்கு அடியில் ஒளித்து வைத்த பதிவில் இந்தச் சோதனை சுலபமல்ல; வெறும் ஒலி மட்டுமுள்ள பதிவில் செய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பலன் நிச்சயமா? அதையும் சொல்லிவிடுகிறேன். பதற்றமும் வலியும் ஓரளவு குறைவதாக 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். மூளை அலைகள் இந்தத் துடிப்பைப் பின்பற்றுகின்றனவா என்று 2023-ல் 14 ஆய்வுகளை அலசியபோது, 5 ஆய்வுகள் ‘ஆம்’ என்றன, 8 ஒத்துவரவில்லை, ஒன்று இரண்டுங்கெட்டான். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் படுத்திருந்ததே பலருக்குப் பாதி மருந்தாக இருந்திருக்கலாம். நம் வீடுகளில் பெண்களுக்கு அந்த அரை மணி என்றைக்குக் கிடைத்தது, சொல்லுங்கள்?

ஆகவே சுருக்காத பதிவுக்குப் பணம் கொடுக்குமுன், இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பாடுகிற இயர்போன் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தத்தைக் கூட்ட வேண்டாம். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூங்கிப்போனால் தானே நிற்கும்படி நேரம் வைத்துவிடுங்கள். வண்டி ஓட்டும்போதும் அடுப்படியிலும் கூடவே கூடாது. வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் ஒலியை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ரத்தச்சோகை, தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலம், மனச்சோர்வு — இவற்றில் எதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடுகிற மாத்திரையை, காதில் ஒலி கேட்கிறோமே என்று நிறுத்திவிடாதீர்கள்.