9,000 டாலர் பிரேக்கைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிறார்கள்... ஏன்?

2025 ஜனவரியில், துபாய் 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சியில் அஜித்குமாரின் போர்ஷே தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்ற வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. பிரேக் செயலிழந்ததுதான் காரணம் என்று அவருடைய அணி பிறகு அறிவித்தது. அதற்கப்புறம் கார் பற்றி எதை எழுதினாலும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. ‘அவ்வளவு விலையுள்ள காரில் செராமிக் பிரேக் போட்டிருக்க மாட்டார்களா?’

மாட்டார்கள். ரேஸுக்கென்றே போர்ஷே தயாரிக்கும் 911 ஜிடி3 கப் காரில் இருப்பது சாதாரண உலோக டிஸ்க்தான். பேச்சுவழக்கில் இரும்பு டிஸ்க். முன்சக்கரத்தில் அதன் விட்டம் 380 மில்லிமீட்டர். ஆனால், நம்பர் பிளேட் மாட்டி சாலையில் ஓட்டும் 911 ஜிடி3 வாங்கப் போனால், ‘செராமிக் பிரேக் வேண்டுமா?’ என்று கேட்பார்கள். அமெரிக்காவில் அதற்கு மட்டும் 9,000 டாலருக்கு மேல் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ரேஸ் காருக்கு இரும்பு, ரோடு காருக்கு செராமிக். எங்கேயோ இடிக்கிறது, இல்லையா?

இதைப் புரிந்துகொள்ள பிரேக் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பிரேக் காரை நிறுத்துகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது வேகத்தை வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்குக் குறைகிறது என்று வையுங்கள். அப்போது வெளிவரும் வெப்பத்தைக் கொண்டு சுமார் 6 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். நம் வீட்டு கேஸ் அடுப்பில் அதற்கு அரை மணி நேரம்கூட ஆகும். டிராக்கில் மூன்று நொடி. அடுத்த வளைவில் மறுபடியும் 6 லிட்டர். இப்படி லேப்புக்குப் பத்து முறை, பதினைந்து முறை.

இந்த வெப்பத்தையெல்லாம் முதலில் வாங்கிக்கொள்வது டிஸ்க். டிராக்கில் அது 500, 600 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அங்கேதான் செராமிக் உள்ளே வருகிறது.

முதலில் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடலாம். ஃபார்முலா 1 காரில் இருப்பது செராமிக் அல்ல, அது கார்பன்-கார்பன். கான்கார்ட் விமானத்தில் பயன்பட்ட ரகம். நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகிற காருக்கு அதைப் போட்டால் முதல் சிக்னலிலேயே முன்னால் நிற்கிற ஆட்டோவுக்கு ஆபத்து. இரண்டாவது, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ‘செராமிக் பேட்’ என்று சில ஆயிரங்களுக்குக் கிடைப்பது. அது வழக்கமான இரும்பு டிஸ்கின் மேல் அழுந்துகிற பேட். சத்தம் குறையும், சக்கரத்தில் கரித்தூள் குறையும். அதைப் போட்டுவிட்டு ‘என் காரில் செராமிக் பிரேக்’ என்று சொல்லிக்கொள்வது, கவரிங் செயினை வங்கியில் அடகு வைக்கப் போவதுபோல.

நாம் பேசுவது கார்பன்-செராமிக் டிஸ்க். கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தி, சுட்டு, பிறகு உருகிய சிலிக்கானை அதற்குள் உறிஞ்சவிடுகிறார்கள். சிலிக்கான் உருகவே 1,414 டிகிரி வேண்டும். உள்ளே போன சிலிக்கான் கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. சாணைக்கல் செய்கிற அதே கடினமான பொருள். போர்ஷே 2001-ல் 911 ஜிடி2 காரில் இதைக் கொண்டுவந்தது. மஞ்சள் நிறக் காலிப்பர் அதன் அடையாளம்.

இதில் கிடைக்கும் பெரிய லாபம் எடை. அதே அளவு இரும்பு டிஸ்கில் ஏறக்குறைய பாதிதான். சஸ்பென்ஷனுக்குக் கீழே சக்கரத்தோடு குதிக்கிற எடை குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகும்; மேடுபள்ளத்தில் டயர் சாலையை விடாமல் பிடிக்கும். கனமான பூட்ஸைக் கழற்றிவிட்டு கேன்வாஸ் ஷூவில் ஓடிப் பாருங்கள், புரியும். துரு கிடையாது. சாலையில் மட்டும் ஓட்டினால் பல காலத்துக்கு டிஸ்க் மாற்றும் பேச்சே இருக்காது.

ஆனால், பலரும் நினைப்பதுபோல செராமிக் போட்டால் கார் முன்பைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடாது. பெடலை ஓங்கி மிதித்தால் ஏ.பி.எஸ் துடிக்கிறதா? அப்படியென்றால் உங்கள் பிரேக், டயரின் பிடிமானத்தை ஏற்கெனவே மிஞ்சிவிட்டது. அதற்கு மேல் நிறுத்துவது டயர். ஒரு தடவை நிற்பதற்கு இரும்பே போதும். முப்பதாவது தடவையும் அதேபோல நிற்குமா என்பதுதான் டிராக்கில் கேள்வி.

செராமிக்கின் இன்னொரு முகம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. டிஸ்கில் இருக்கும் கார்பன், கடும் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துபோகும். இரும்பு டிஸ்க் தேய்ந்தால் மெலியும். பிளஸ் ஒன் லேபில் பார்த்த ஸ்க்ரூ கேஜ் மாதிரி ஒரு கருவியால் அளந்து சொல்லிவிடலாம். செராமிக் டிஸ்க் மெலியாமலே உள்ளுக்குள் இளைக்கும். அதனால்தான் குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று டிஸ்கின் மேலேயே பொறித்திருப்பார்கள். சாலையில் வருடக்கணக்கில் வருகிற டிஸ்க், வாராவாரம் டிராக்குக்குப் போகிறவரிடம் அதில் சிறு பங்குகூட வராமல் போகலாம். மாற்றப் போனால் ஒரு டிஸ்கே ஆயிரக்கணக்கான டாலர். ஒவ்வொரு டிராக் ஓட்டத்துக்குப் பிறகும் பிரேக் பாகங்களைப் பரிசோதிக்கச் சொல்லி போர்ஷேவே தன் கையேடுகளில் குறிப்பிடுகிறது.

சக்கரம் கழற்றும்போதும் கவனம் வேண்டும். அலாய் வீல் தவறி டிஸ்கின் ஓரத்தில் இடித்தால் சில்லு பெயர்ந்துவிடும். அதனால் மெக்கானிக்குகள் இரண்டு நீளக் கம்பிகளைத் திருகி, அதன்மேல் சறுக்கித்தான் சக்கரத்தை எடுப்பார்கள்.

ஆகவேதான் வெளிநாடுகளில் ஜிடி3 வைத்திருக்கும் பல டிராக் பிரியர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். 9,000 டாலர் டிஸ்கைக் கழற்றித் துணி சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, தனியாக வாங்கிய இரும்பு டிஸ்கை மாட்டிக்கொள்கிறார்கள். காரை விற்கும்போது செராமிக் திரும்பவும் ஏறும். பட்டுப்புடவையைப் பீரோவில் வைத்துவிட்டு, சமையலுக்குக் காட்டன் கட்டுவது மாதிரி. ஜிடி3 பிரிவு ரேஸ்களில் கார்பன் டிஸ்க்குக்கு விதியே அனுமதிப்பதில்லை. செலவு எகிறக் கூடாது என்பது நோக்கம். எனவே ‘ரேஸிலேயே இரும்புதான், ஆகவே இரும்புதான் உசத்தி’ என்று யாராவது வாதம் செய்தால் அதுவும் முழு உண்மையல்ல. கார்வெட் இசட்06 காரின் டிராக் பேக்கேஜில் செவ்ரோலே செராமிக்கைத்தான் தருகிறது. பிரிட்டனின் சர்ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் நிறுவனம், துண்டு இழைக்குப் பதில் நீள இழையால் நெய்து, சூட்டை இன்னும் நன்றாகக் கடத்துகிற டிஸ்க் செய்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை டிராக்குக்குப் போகிறவர் செராமிக்கைக் கழற்றவே வேண்டாம். மாதம் இரண்டு முறை போகிறவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ உங்கள் காரை டிராக்கில் இறக்க ஆசையா? உங்கள் பட்ஜெட்டில் முதல் இடம் பிரேக் ஆயிலுக்கு. கடையில் கிடைக்கும் டாட் 4 ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. மழைக்காலத்து உப்பு ஜாடிபோல அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி வரும். குமிழி வந்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். கார் போய்க்கொண்டே இருக்கும். ரேஸுக்கான ஆயில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும். செராமிக்கோடு ஒப்பிட்டால் அதன் விலை சில்லறைக் காசு. அடுத்தது, டிராக்குக்கான பேட். அதற்கும் அடுத்தது, முன் பம்பரிலிருந்து டிஸ்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய். டிஸ்க் விஷயம் இதற்கெல்லாம் பிறகு. நான்கு லேப் ஓட்டினால் ஐந்தாவதை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். அதற்குக் காசே இல்லை.

செராமிக் பிரேக்கோடு செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கிறவர்கள், மஞ்சள் காலிப்பரைப் பார்த்து மயங்காமல், டிஸ்கைக் கழற்றி கிராம் வரை காட்டும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். வருகிற எண்ணையும் டிஸ்கில் பொறித்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரில் இரும்பு டிஸ்க் மாட்டியிருந்தால், பெட்டி எங்கே என்று கேளுங்கள். பெட்டியைத் திறந்து, ஓரங்களில் சில்லு போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.