மூழ்கிய மண்ணில் நகரமா?

2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி காலை 6 மணி 29 நிமிஷத்திற்குச் சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலின் அடியில் பூமி பிளந்தது. பிளவு பிறந்த இடத்திலேயே நிற்கவில்லை. வடக்கு நோக்கி ஓடி, நிக்கோபார்த் தீவுகளையும் அந்தமான் தீவுகளையும் உலுக்கிக்கொண்டு, சுமார் 1,300 கிலோமீட்டர் தூரம் கிழித்துச் சென்று, ஏறக்குறைய பத்து நிமிஷத்தில் ஓய்ந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் நமது தேசத்தின் தென்கோடியான இந்திரா முனை நாலேகால் மீட்டர் கீழே இறங்கிவிட்டது. கரையில் இருந்த கலங்கரை விளக்கம் கடல் நீருக்குள் நிற்கலாயிற்று. பகைவன் எவனும் படையெடுக்காமலே பாரத பூமியின் ஒரு துண்டு கடலுக்குப் போயிற்று.

இந்த முனை பெரிய நிக்கோபார்த் தீவில் இருக்கிறது. இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிப்பிடும் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது இத்தீவு. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இங்கே வசித்தவர்கள் சுமார் 8,000 பேர். இத்தீவின் தென்பகுதியிலுள்ள கலத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகம் ஒன்றும், அதைச் சார்ந்து விமான நிலையமும், மின்சார நிலையமும், இலட்சக்கணக்கான ஜனங்கள் குடியேறத்தக்க நகரமும் அமைக்க வகுக்கப்பட்ட திட்டத்திற்கு, 2022 நவம்பரில் மத்திய சர்க்கார் சுற்றுச்சூழல் அனுமதி அளித்தது. காடு அழியும், கடலாமை அழியும் என்ற வாதங்களைப் பலர் பேசிவிட்டனர். அவை கனமான வாதங்களே. நாம் இன்று பேச விரும்புவது மண்ணைப் பற்றி. அந்த மண் எப்படிப்பட்டது, எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிந்துகொள்ளாமல் அதன் மேல் ஒரு நகரத்தை எழுப்புவது உசிதமா என்பதே நமது கேள்வி.

பூமியின் மேல்தோடு ஒரே ஓடாக இல்லை; பல பெரும் தட்டுகளாகப் பிளவுபட்டுக் கிடக்கிறது. நமது தேசத்தைத் தாங்கி நிற்கும் தட்டு ஓயாமல் வடகிழக்காக நகர்ந்து செல்கிறது. சுமத்ரா முதல் அந்தமான் வரையில், தீவுகளுக்கு மேற்கே உள்ள ஆழ்கடல் அகழியில், அது பர்மாத் தட்டு என்று சொல்லப்படும் சிறு தட்டின் கீழே புகுந்து போகிறது. சுமத்ராவுக்கு அருகே இந்த நகர்ச்சி வருஷத்திற்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர்தான். ஆனால் இரண்டு தட்டுகளும் உரசும் முகத்தில் பெரும் பகுதி வழுக்கிச் செல்வதில்லை. ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கிறது. கீழே போகும் தட்டு மேலே உள்ளதையும் தன்னோடு இழுக்கிறது. மேல்தட்டு மூங்கிலைப்போல் வளைகிறது. நூறு வருஷம், இருநூறு வருஷம், அதற்கு மேலும் இப்படி வளைந்துகொண்டே வந்து, பொறுக்க முடியாத ஒரு நாளில் பிடி விட்டுவிடுகிறது. அதுவே மகா பூகம்பம்.

பிடி விட்டதும் என்ன நேரிடுகிறது என்பதை 2004-ல் தீவுகள் பிரத்தியட்சமாகக் காட்டின. அகழிக்கு அருகிலுள்ள கடலடி விம்மி மேலே எழும்பிற்று. அது தூக்கிய நீரே சுனாமியாகப் புறப்பட்டது. அந்த விளிம்புக்குப் பின்னால் இருந்த நிலமோ தாழ்ந்தது. ஆகவே வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப் பாறைகள் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து வெயிலில் காய்ந்தன. அதே சமயத்தில் பெரிய நிக்கோபாரின் கரைகள் நீரில் ஆழ்ந்தன. ஒரே அசைவில் ஒரு தீவு உயர, மற்றொரு தீவு மூழ்கிற்று. அலை வந்து போய்விடும். தாழ்ந்த நிலம் அலையோடு திரும்பி எழுந்து விடுவதில்லை. துறைமுகம் கட்டுவோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுவே. கப்பல் வந்து அணையும் மேடை நீர்மட்டத்தை அளந்து கட்டப்படுவது. பத்து நிமிஷத்தில் நாலு மீட்டர் இறங்கக்கூடிய இடத்தில் அந்த அளவுக்கு என்ன பொருள்?

அபாயம் அகழியோடு முடிந்துவிடவில்லை. நமது தட்டு நேராகச் சென்று முட்டாமல் சாய்வாகச் செல்கிறது. அந்தச் சாய்வின் பங்கை வேறு பிளவுகள் ஏற்கின்றன. அவற்றில் நிலம் பக்கவாட்டில் நழுவுகிறது. சுமத்ராவின் முதுகெலும்பாக 1,900 கிலோமீட்டர் ஓடும் பெரும்பிளவு அத்தகையது. அந்தமான் கடலடியிலும் இத்தகைய பிளவுகள் உண்டு. அவற்றுக்கு வடக்கே பர்மாவில் ஸகாயிங் பிளவு நிலத்தை இரண்டாக வகிர்ந்து செல்கிறது. 2025 மார்ச் 28-ல் மாந்தளையையும் ஸகாயிங் நகரையும் தரைமட்டமாக்கி ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது அந்தப் பிளவே.

திட்டத்தை ஆதரிப்போர் ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். 2004-ல் நேர்ந்தது போன்ற பூகம்பம் பல நூற்றாண்டுகளுக்கு ஒரு முறையே வரும். வந்து போய்விட்டதால் நமது காலத்தில் பயமில்லை என்பது அவர்கள் கட்சி. சராசரிக் கணக்கு பஞ்சாங்கம் அல்ல என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். 2004-ல் அவ்வளவு பெரிய பிளவு ஏற்பட்ட மூன்றே மாதத்தில், 2005 மார்ச் 28-ல், அதற்குத் தெற்கே அடுத்தாற்போலிருந்த நியாஸ் தீவுப் பகுதி 8.6 அளவில் உடைந்தது. 2007-ல் பெங்குலுவுக்கு அருகே 8.4 அளவில் மற்றொன்று. நிக்கோபார்ப் பகுதியிலேயே 2010 ஜூனில் 7.5 அளவில் பூமி அதிர்ந்தது. துறைமுகத்தையும் மின்சார நிலையத்தையும் சேதப்படுத்த 9 அளவு தேவையில்லை, 7.5 போதும்.

ஜப்பானியர் நம்மைவிட அறிவிலும் எச்சரிக்கையிலும் குறைந்தவர்கள் அல்லர். கி.பி. 869-ல் செண்டாய் சமவெளியில் பெரும் கடல் புகுந்து விட்டுச்சென்ற மணற்படிவை அவர்களுடைய விஞ்ஞானிகள் தோண்டியெடுத்துக் காட்டியிருந்தார்கள். ஆயினும் ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்தின் கரைச்சுவர் அதற்குத் தக்கபடி உயர்த்தப்படவில்லை. 2011 மார்ச் 11-ல் 9 அளவுப் பூகம்பம் வந்தது. இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் 18,000 பேருக்கு மேல். விஞ்ஞானம் அங்கே தோற்கவில்லை. விஞ்ஞானம் சொன்னதைக் கேட்க வேண்டியவர்கள் காலத்தில் கேட்கவில்லை.

நமது கதையும் இதுதான். 1881 டிசம்பர் 31-ல் கார் நிக்கோபாருக்கு அருகே சுமார் 7.9 அளவில் ஒரு பூகம்பம் உண்டாயிற்று. அதனால் எழுந்த அலையை வங்கக் கடலைச் சூழ்ந்த எட்டு இடங்களில் கடல்மட்டக் கருவிகள் பதிவு செய்தன. சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றுள் அடங்கும். அலையின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவே. அந்தப் பழைய பதிவுகளை ஆராய்ந்து வெளிநாட்டு விஞ்ஞானிகள் இருவர் 2003-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மறு வருஷமே பேரலை வந்தது. பூமி அதிர்ந்ததற்கும் தமிழ்க் கரையில் அலை மோதியதற்கும் இடையே இரண்டு மணி நேரம் இருந்தது, எச்சரிக்க ஒருவருமில்லை. தமிழ்நாட்டில் மாண்டவர்கள் சுமார் 8,000 பேர். அவர்களில் சுமார் 6,000 பேர் நாகப்பட்டினம் ஜில்லாவினர். நாகப்பட்டினத்தின் கருவி எழுதி வைத்ததை நாகப்பட்டினத்தின் மீனவனுக்கு 123 வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் உண்டு. பூகம்பம் பிறந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பது சிமெலுவே என்ற தீவு. 1907-ல் அங்கே ஒரு பேரலை வந்து ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. தப்பியவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயரிட்டு, பூமி பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு என்று குழந்தைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004-ல் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழே பேர். அவர்களிடம் கருவி இல்லை. பாட்டிமாரின் சொல் இருந்தது.

2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் வேலை செய்துவருகிறது, இது பாராட்டத்தக்கதே. தமிழ்க் கரைக்கு அது பெரிய காவல். ஆனால் நிக்கோபாருக்கு அலை சில நிமிஷங்களில் வந்துவிடும். அங்கே நிலத்தின் நடுக்கமே எச்சரிக்கை. தலைமுறையாக அங்கே வாழ்பவன் அதைக் கற்றுக்கொள்ளக்கூடும். கூலிக்காகவும் உத்தியோகத்துக்காகவும் நேற்று வந்து இறங்கிய இலட்சம் பேருக்கு அதை யார் கற்பிப்பது? அவர்கள் ஏறி ஓடுவதற்கு மேட்டு வழி எங்கே?

மலாக்கா ஜலசந்தியின் வாயிலில் நமது தேசத்திற்குப் பலம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஜப்பானும் சிலியும் இத்தகைய மண்ணிலேதான் துறைமுகங்கள் வைத்து வாழ்கின்றன என்பதையும் அறிவோம். ஆனால் அந்நாட்டார் ஒவ்வொரு பூகம்பத்திலிருந்தும் கட்டடச் சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள். ஜனங்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். 2004-ல் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாம், தேசப் பாதுகாப்பின் பெயரால் பூமியின் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது இவை. கலத்தியா விரிகுடாவைச் சுற்றியுள்ள பிளவுகளையும், பழைய சுனாமிகளின் மணற்படிவுகளையும், பவளங்களில் பதிந்துள்ள நில ஏற்ற இறக்கங்களையும் அந்த இடத்திலேயே ஆராய்ந்து, முடிவுகளை அந்தரங்கம் என்று பூட்டி வைக்காமல் பிரசுரிக்க வேண்டும். 2004-ல் தாழ்ந்த நிலத்திலும் அலை புகுந்த நிலத்திலும் குடியிருப்பு கூடாது. அலையால் மேற்குக் கரையை விட்டு முகாம்களுக்கு வந்து, தமது பழைய ஊர்களுக்குத் திரும்ப விரும்பும் நிக்கோபார் மக்களின் வார்த்தையைக் கேட்க வேண்டும். தாம் முன்பு அளித்த சம்மதத்தை அவர்களுடைய மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டதை அலட்சியம் செய்யலாகாது. இவை நிறைவேறும் வரையில் அங்கே பெருநகரம் என்ற பேச்சை நிறுத்தி வைக்க வேண்டும்.

தேசத்தை நேசிப்பவர்கள் அதன் மண்ணை அறிந்திருக்க வேண்டும். பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நமது நண்பர்கள் இவ்விஷயத்தை ஊர்தோறும் எடுத்துச் சொல்ல வேண்டும். தத்தம் பிரதிநிதிகளைக் கேள்வி கேட்க வேண்டும். நாகப்பட்டினத்தில் மணலில் புதைக்கப்பட்ட குழந்தைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இது. அந்தக் கடனைத் தீர்க்காமல் மற்றொரு கரையில் புதிய ஜனங்களைக் கொண்டுபோய் நிறுத்த நமக்கு உரிமையில்லை.