நாற்றம் நமக்கும் தெரிந்துதான் இருந்தது

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அய்யனார் கோவில் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு பாறையில் உட்கார்ந்திருந்தோம். கூட வந்த நண்பர் இரண்டு ராஜபாளையம் நாய் வளர்ப்பவர். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். "பாத்தீங்களா அண்ணாச்சி, இனிமே ஸ்கேன், பயாப்சி ஒண்ணும் வேண்டாம். நம்மூரு நாயி மோந்து பாத்தே கேன்சரைச் சொல்லிரும். அய்யனாரு சும்மாவா நாயைக் கூடவே வச்சிருக்காரு?"

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாயின் மூக்கு பற்றிய செய்தி கட்டுக்கதை அல்ல. 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். ஒரு பெண்ணின் காலில் இருந்த மச்சத்தை அவர் வளர்த்த நாய் விடாமல் முகர்ந்துகொண்டே இருந்தது, ஒரு கட்டத்தில் கடித்து எடுக்கவே பார்த்தது. சோதித்தபோது அது தோல் புற்றுநோய். 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முறையான ஆய்வு ஒன்று வந்தது. ஏழு சிறுநீர் மாதிரிகளில் சிறுநீர்ப்பை புற்றுநோயாளியுடையது எது என்று நாய்கள் காட்ட வேண்டும். 54 முயற்சிகளில் 22 சரி. குருட்டாம்போக்கில் அடித்தால் ஏறக்குறைய எட்டுதான் வரும். பயிற்சியின்போது, நோயில்லாதவர் என்று நினைத்த ஒருவரின் மாதிரியையும் நாய்கள் திரும்பத் திரும்பக் காட்டின. அவரை மறுபடி சோதித்தால், சிறுநீரகத்தில் புற்று.

புற்றுச்செல்லின் வேதிவினைகள் மாறுவதால் காற்றில் எளிதில் ஆவியாகும் சில சேர்மங்களின் அளவும் மாறுகிறது. மூச்சிலும் சிறுநீரிலும் அது கலந்து வருகிறது. நாய் அதைப் பிடிக்கிறது. பிரான்சில் 2022-இல் எறும்புகளுக்கே இதைப் பழக்கிக் காட்டினார்கள். பெங்களூரில் டாக்னோசிஸ் என்ற நிறுவனம் முகக்கவசத்தில் சேகரித்த மூச்சை நாய்களிடம் கொடுத்து ஆராய்கிறது.

நம்மூர் நாயும் இதில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் டெல்லியில் இந்திய ராணுவம், கொரோனாவை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்களைப் பத்திரிகைகளுக்குக் காட்டியது. அதில் ஜெயா என்பது நம் விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை இனம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். மோப்பத்துக்குப் பேர் போனவை அல்ல. ஆனாலும் ஜெயா கற்றுக்கொண்டது. பக்கத்தில் நின்ற காஸ்பர் என்கிற காக்கர் ஸ்பானியலும் கற்றுக்கொண்டது. ஆக, இதில் சாதித்தது பயிற்சி. இனப்பெருமை பேச இதில் இடமில்லை.

இவ்வளவும் சரியென்றால் எனக்கு என்ன சண்டை? அதற்கு என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அத்தை சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டியவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்புகிற ஊர் அது. மாதவிலக்கு நின்று ஐந்து வருடம் ஆன பிறகு அவளுக்கு மறுபடி உதிரம் பட ஆரம்பித்தது. அப்புறம் வெள்ளை. அப்புறம் நாற்றம். தறியில் கழித்த துணியை மடித்து வைத்துக்கொள்வாள். அய்யனாருக்குப் பொங்கல் வைக்க வேன் பிடித்து எல்லோரும் வந்தோம். அத்தை மட்டும் கோவிலுக்குள் வரவில்லை, வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, "தீட்டு" என்றாள். இந்த வயதில் என்ன தீட்டு என்று வேனில் வந்த இருபது பேரில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அவள் வந்து போனால் அம்மா சாம்பிராணி போடுவாள். பக்கத்துத் தறிக்காரி இடம் மாறி உட்கார்ந்தாள். "அவளுக்கு மேலுக்குச் சொகமில்ல" என்று ஒரு வாக்கியத்தில் எல்லோரும் முடித்துக்கொண்டோம். ஒன்றரை வருடம் கழித்து மதுரைக்குக் கூட்டிப்போனபோது கர்ப்பப்பை வாய்ப் புற்று பரவியிருந்தது. "ஏம்மா இவ்வளவு நாள் கழிச்சு வர்றீங்க?" என்று டாக்டர் கேட்டார். அத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "யார்கிட்டப்பா சொல்ல?"

எங்கள் வீட்டில் நாய் இல்லை. ஆனால் மூக்கு இருபது இருந்தது. அத்தனைக்கும் தெரிந்துதான் இருந்தது.

"மனுசன் மூக்குக்குத் தெரியிறப்ப முத்திப் போயிருக்கும், நாய்க்கு முன்னாடியே தெரியுமே" என்பீர்கள். நியாயம். ஆனால் முன்னாடியே தெரிந்துகொள்ள வழி இல்லாமலா இருந்தது? பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, 2007-இல் லான்செட்டில் வந்தது. கருவி என்ன தெரியுமா? சமையலறையில் வினிகர் என்கிறோமே, அந்த அசிட்டிக் அமிலம். பயிற்சி பெற்ற நர்ஸ் அதைக் கர்ப்பப்பை வாயில் தடவுவார். கோளாறு இருந்தால் வெள்ளைத் திட்டு தெரியும். 30 முதல் 59 வயதுவரை, 49 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். சோதனை இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டால் கர்ப்பப்பை வாய்ப் புற்று வருவது 25 சதவீதமும் அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்தது. முக்கியமான விஷயம், திட்டு தெரிந்தவருக்கு அங்கேயே மேல்பரிசோதனை. தேவைப்பட்டால் உறையவைக்கும் சிகிச்சையும் அங்கேயே, அதே நர்ஸ் கையால்.

கண்டுபிடிப்பதும் கைவைத்தியமும் ஒரே இடத்தில் இருந்ததுதான் அதன் வெற்றி. நாய் உட்கார்ந்து காட்டிய பிறகு என்ன நடக்கும்? ஒரு கணக்குப் போடுவோம். 2024-இல் இஸ்ரேலில் இருந்து வந்த ஆய்வொன்றில், 1,386 பேரின் மூச்சை நாய்களும் கணினியும் சேர்ந்து சோதித்தன. நோயுள்ளவர்களில் 94 சதவீதத்தினரைச் சரியாகப் பிடித்தன, நோயில்லாதவர்களிலும் 94 சதவீதத்தினரைச் சரியாக விட்டன. அருமையான எண். இப்போது நம்மூரில் ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துங்கள். அதில் ஐந்து பேருக்குப் புற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து பேரையும் பிடித்தாலும், கூடவே புற்று இல்லாத அறுபது பேரையும் நாய் காட்டும். எந்த உறுப்பில் என்றும் சொல்லாது. இந்த அறுபத்தைந்து பேரும் ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் எங்கே போவார்கள்? தறிக்கூலியை விட்டு எத்தனை நாள் மதுரைக்குப் பஸ் ஏறுவார்கள்? ஸ்கேன், பயாப்சி ஒழிந்தது என்றாரே நண்பர், நாய் வந்தால் அதெல்லாம் இன்னும் கூடுதலாகத்தான் வேண்டும்.

என் பயமும் இதுதான். ஜப்பானில் புழுவை வைத்துச் செய்யும் சிறுநீர்ச் சோதனையை 2020 முதல் காசுக்கு விற்கிறார்கள். அதன் துல்லியத்தை அங்குள்ள மருத்துவர்களே சந்தேகிக்கிறார்கள். நாளைக்கு இங்கேயும் "ஒரே மூச்சில் எல்லாப் புற்றும்" என்று பேக்கேஜ் போடுவார்கள். காசுள்ளவன் பயத்துக்குக் காசு கட்டுவான், சத்திரப்பட்டித் தறிக்காரி வேனிலேயே உட்கார்ந்திருப்பாள்.

ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாய் எந்த வாசனையைப் பிடிக்கிறது என்று தெரிந்தால் நாளைக்கு அதை ஒரு கருவியே பிடிக்கும். நடக்கட்டும். ஆனால் திண்டுக்கல்லில் கிடைத்த விடை இருக்கும்போது நாம் என்ன செய்தோம்? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு இரண்டு பேர். முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாட்டிலேயே பத்தில் ஒருவர். இத்தனைக்கும் அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். இங்கே தடுப்பது வெட்கம், தீட்டு, கூலி போய்விடும் என்கிற கவலை, "உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்க ஆளில்லாத வீடு. எந்த நாயும் இதை மோந்து எடுக்காது.

கிளம்பும்போது நண்பரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "நாய்க்கு வருசா வருசம் ஊசி போட்டுருதீகளே, மதினிக்கு இந்தச் சோதனை பண்ணியிருக்கா?"

அவர் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அதெல்லாம் பொம்பளைங்க விசயம் அண்ணாச்சி."

வீடியோவை இருநூறு பேருக்கு அனுப்பியவர் அவர். அதில் பாதிப் பேர் வீட்டிலாவது முப்பது வயது தாண்டிய பெண் ஒருத்தி இருப்பாள். அவளிடம் இந்தக் கேள்வியை யார் கேட்பது?